'பேம்பி'யின் காடு எங்கே இருக்கிறது? ஏஞ்சல் தீவு முதல் சாண்டா மோனிகா கடற்கரை வரை!

டிபுரான் படகுத்துறையில் ஏறி உட்கார்ந்து, செல்போனில் நாலு படம் எடுப்பதற்குள் ஏஞ்சல் தீவு வந்துவிடுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குள் இருக்கும் இந்தத் தீவு, இப்போது கலிஃபோர்னியாவின் மாநிலப் பூங்கா. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள், சாப்பாட்டுப் பையும் குழந்தைகளுமாக வருகிறவர்கள் என விடுமுறை நாளில் படகு நிரம்பி வழியும். இறங்கியதும் பாதிப் பேர் 788 அடி உயரமுள்ள லிவர்மோர் மலைமீது ஏறக் கிளம்பிவிடுவார்கள். உச்சியில் நின்று ஒரு சுற்று சுற்றினால் கோல்டன் கேட் பாலம், அல்கட்ராஸ் சிறைத்தீவு, நகரத்தின் உயரக் கட்டடங்கள் எல்லாம் தெரியும். செல்ஃபிக்கு அதைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்தில் இல்லை.

மலைக்குப் போகாமல், கரையை ஒட்டிய பாதையில் தீவின் வடகிழக்குப் பக்கமாக அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தால், மரத்தாலான இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று வரும். உள்ளே வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. சுவரில் கை வைத்துப் பார்த்தால் பெயின்டுக்கு அடியில் கீறல்கள் தட்டுப்படும். அவை சீன எழுத்துகள். அங்கே அடைபட்டுக் கிடந்தவர்கள் கத்தியால் செதுக்கிவைத்த கவிதைகள்.

1910 முதல் 1940 வரை இதுதான் பசிபிக் கடல் தாண்டி அமெரிக்காவுக்கு வருகிறவர்களைச் சோதித்த குடியேற்ற நிலையம். பஞ்சாபிலிருந்து போன நம்மவர்கள் உட்படப் பல நாட்டுக்காரர்கள் இங்கே நிறுத்திவைக்கப்பட்டார்கள். ஆனால், அதிக நாள் சிக்கித் தவித்தவர்கள் சீனர்களே. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக் கூடாது என்று 1882-லேயே அமெரிக்கா சட்டம் போட்டிருந்தது.

1920 டிசம்பர் கடைசியில் 'சைனா' என்ற நீராவிக் கப்பலில் வந்து இறங்கிய 10 வயதுச் சிறுவன் ஒருவனும் இந்தக் கட்டடத்தில் அடைக்கப்பட்டான். 20 வருடங்களுக்குப் பிறகு அவன் தீட்டிய காட்டைத்தான் உலகம் முழுக்க மூன்று தலைமுறைக் குழந்தைகள் பார்த்து அழுதிருக்கிறார்கள். வால்ட் டிஸ்னியின் 'பேம்பி' படத்தில் அந்த மான்குட்டி ஓடும் காடு, டைரஸ் வாங் என்ற ஓவியரின் தூரிகையிலிருந்து பிறந்தது.

வீட்டு வாசலில் எத்தனை படிக்கட்டுகள்?

தெற்குச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், டைஷான் வட்டாரத்தில் 1910 அக்டோபர் 25-ம் தேதி பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் வாங் கென் யோ. அமெரிக்கக் கப்பலில் ஏறியபோது அந்தப் பெயர் உதவாது. கையிலிருந்த காகிதத்தில் லுக் டாய் யாவ் என்று எழுதியிருந்தது. அப்பாவுக்கும் வேறொரு பெயர், லுக் கெட்.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. 1906-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம் வந்து, அதைத் தொடர்ந்து மூண்ட தீயில் நகரத்தின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. அதன்பிறகு பல சீனர்கள், தாங்கள் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். இல்லை என்று நிரூபிக்க அரசிடம் ஆவணம் இல்லை. குடிமகன் என்றால் மகனை அழைத்து வரலாம். இல்லாத மகனுக்கும் காகிதம் தயாரானது. அது காசுக்குக் கைமாறியது. அப்படி வந்தவர்களுக்குக் 'காகித மகன்கள்' என்றே பெயர். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இந்தப் பதற்றம் கொஞ்சம் புரியும். இங்கே ஒரு பெயர் தவறினால் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதிகாரிகளும் சும்மா இருக்கவில்லை. காகிதத்தை நம்ப முடியாவிட்டால் கேள்வி கேட்டுப் பிடிப்போம் என்று இறங்கினார்கள். உன் வீட்டு வாசலில் எத்தனை படிக்கட்டுகள்? அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கிறது? உன் தெருவில் மூன்றாவது வீடு யாருடையது? கிணறு எந்தப் பக்கம்? அப்பாவிடம் ஒரு முறை, பிள்ளையிடம் ஒரு முறை. இரண்டு பதிலும் ஒத்துப்போக வேண்டும். இதற்காகவே கேள்வி பதில் எழுதிய சிறு புத்தகங்களைக் கப்பலிலேயே மனப்பாடம் செய்து, கரை தெரிந்ததும் கடலில் வீசிவிடுவார்களாம்.

அப்பா ஏற்கெனவே லுக் கெட் என்ற பெயரில் அமெரிக்காவில் இருந்தவர் என்பதால் சீக்கிரம் வெளியே விட்டுவிட்டார்கள். பையன் மட்டும் உள்ளே. ஏறக்குறைய ஒரு மாதம், பெரியவர்களுக்கு நடுவில் தன்னந்தனியாக. அழுதுகொண்டே கிடந்ததாகப் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1921 ஜனவரி கடைசியில் விசாரணை. அப்பா சொல்லிக்கொடுத்தபடியே லுக் டாய் யாவின் வீட்டைப் பற்றி லுக் டாய் யாவ் பதில் சொன்னான். தேறிவிட்டான்.

ஊரில் அம்மாவும் அக்காவும் இருந்தார்கள். அவர்களை அவர் பிறகு பார்க்கவே இல்லை.

அந்த விசாரணைக் கோப்பை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் இன்றும் வைத்திருக்கிறது. தீவில் இருந்த கட்டடம்தான் கிட்டத்தட்ட போயிருக்கும். 1940-ல் நிர்வாகக் கட்டடம் எரிந்ததும் நிலையத்தை மூடிவிட்டார்கள். மிச்சமிருந்ததையும் இடிக்கும் யோசனை இருந்தது. 1970-ல் பூங்காக் காவலர் ஒருவர் டார்ச் வெளிச்சத்தில் சுவர் எழுத்துகளைப் பார்த்து, இது சாதாரணக் கிறுக்கல் இல்லை என்று வெளியே சொன்னதால் கட்டடம் தப்பியது. இப்போது அருங்காட்சியகம். தீவுக்குப் போகிறவர்கள் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு, முதலில் இங்கே போய்விட்டு அப்புறம் மலை ஏறுவது நல்லது. மாற்றிச் செய்தால் கால் ஒத்துழைக்காது.

தண்ணீர் தொட்டு எழுதிய எழுத்து

தீவிலிருந்து அப்பாவும் மகனும் போனது சாக்ரமென்டோவுக்கு. அங்கே பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் வாயில் 'டாய் யாவ்' நுழையவில்லை. டைரஸ் ஆக்கிவிட்டார். மூன்றாவது பெயர். அதுதான் கடைசிவரை நிலைத்தது.

பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ். அப்பா வேலை தேடி முதலில் போக, மகன் பின்னால் போய்ச் சேர்ந்தான். சைனா டவுனில் ஓர் அறை. ராத்திரியில் அப்பா எழுத்துப் பயிற்சி கொடுப்பார். மை வாங்கக் காசில்லை. தூரிகையைத் தண்ணீரில் தொட்டு, பழைய செய்தித்தாள்மேல் எழுத வேண்டும். ஈரம் காய்வதற்குள் கோடு சரியாக விழுந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்தால் எழுத்து போச்சு. மறுபடியும் எழுதலாம். நம் பக்கத்தில் மணலைப் பரப்பி 'அ' போட்ட மாதிரிதான். இந்தப் பயிற்சிதான் அவர் கைக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்தது: வைக்கிற கோடு கொஞ்சமாக இருக்க வேண்டும், வைத்த பிறகு அதைத் திருத்தக் கூடாது.

உயர்நிலைப் பள்ளி வயதில் ஓடிஸ் ஓவியக் கல்லூரியில் ஒரு கோடைக்காலத்துக்கு உதவித்தொகை கிடைத்தது. முடிந்ததும் பழைய பள்ளிக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்று நின்றுவிட்டார். கட்டணம் 90 டாலர். சைனா டவுன் அறையில் வாழ்கிற மனிதருக்கு அது பெரிய தொகை. அப்பா அங்கே இங்கே கேட்டுப் புரட்டிக் கொடுத்தார். பஸ்ஸுக்குக் காசில்லாமல் மகன் மைல் கணக்கில் நடந்து போனார். பிறகு உதவித்தொகை வந்தது. அதே கல்லூரியில் துப்புரவு வேலையும் பார்த்தார். கல்லூரியில் கற்றது மேற்கத்திய ஓவியம். சீன ஓவியத்தை அவர் கற்றது நகரப் பொது நூலகத்தில். சோங் அரச வம்சக் காலத்து நிலக்காட்சி ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய அந்த ஓவியங்களில் மலையின் பாதியை மூடுபனி மறைத்திருக்கும். பட்டின் பெரும்பகுதியை எதுவும் வரையாமல் விட்டிருப்பார்கள். அப்படி விட்ட இடத்தில் பார்க்கிறவர் தண்ணீரையோ வானத்தையோ பார்த்துக்கொள்வார்.

அன்றைய சைனா டவுன் இருந்த இடத்தை இன்று தேடினால், லாஸ் ஏஞ்சல்ஸ் யூனியன் ரயில் நிலையத்தில்தான் போய் நிற்க வேண்டும். நிலையம் கட்டுவதற்காகப் பழைய சைனா டவுனின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். 1939-ல் ரயில் நிலையம் திறந்தது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பிராட்வே சாலையில் இருக்கும் இப்போதைய சைனா டவுன், 1938-ல் புதிதாகக் கட்டியது. அதன் நடு முற்றத்தில், 1941-ல் வாங் வரைந்த டிராகன் ஒன்று சுவரில் இருக்கிறது. மங்கிப்போனதைப் பிற்பாடு புதுப்பித்திருக்கிறார்கள். சிவப்பு விளக்குகளைப் படம் எடுக்கிற கூட்டம் அதைத் தாண்டித்தான் போகிறது.

பழைய சைனா டவுனில், ஒரு கலைப்பொருள் கடையின் நிலவறையில் 'டிராகன்ஸ் டென்' என்ற உணவகம் 1935-ல் தொடங்கியது. வாங்கும் நண்பர்களும் செங்கல் சுவர்களில் படம் வரைந்தார்கள். சாப்பாடு பரிமாறுகிற வேலையும் அவருக்கு உண்டு. ஹாலிவுட் ஆட்கள் வந்துபோகிற இடம். அங்கே பரிமாற வந்த ரூத் கிம்மைத்தான் 1937-ல் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருடம் முதல் பெண் குழந்தை. இனி நிரந்தரச் சம்பளம் வேண்டும். 1938-ல் டிஸ்னி ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார்.

மான் காணாமல் போகிறது!

அப்போது டிஸ்னி ஸ்டுடியோ இருந்தது ஹைப்பீரியன் அவென்யூவில். இன்று அந்த இடத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. 'ஸ்னோ ஒயிட்' உருவான இடத்தில் தக்காளியும் தயிரும் விற்கிறார்கள்.

வாங்குக்குக் கிடைத்த வேலையின் பெயர் இன்-பிட்வீனர். மிக்கி மவுஸ் கையை உயர்த்துகிறது என்றால், கை கீழே இருக்கும் படத்தையும் மேலே இருக்கும் படத்தையும் மூத்த ஓவியர் வரைந்துவிடுவார். நடுவில் வரும் அத்தனை படங்களையும் இவர் வரைய வேண்டும். அடியில் விளக்கு எரியும் மேஜையில் குனிந்து, ஒரே உருவத்தை நூல் நூலாக நகர்த்தி, நாள் முழுக்க. கண் போய்விடும் வேலை. அவருக்கு அது பிடிக்கவே இல்லை.

அந்த நேரத்தில் ஸ்டுடியோ 'பேம்பி'க்காகத் தடுமாறிக்கொண்டிருந்தது. ஃபெலிக்ஸ் சால்டன் எழுதிய நாவல் அது. மான்கள் நிஜ மான்கள்போல இருக்க வேண்டும் என்பதற்காக மெய்ன் மாநிலத்திலிருந்து இரண்டு குட்டி மான்களையே ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். மெய்ன் காடுகளை ஆயிரக்கணக்கில் புகைப்படம் எடுத்து அனுப்ப ஓர் ஓவியரும் போயிருந்தார். அவ்வளவு ஆதாரங்களையும் வைத்துக்கொண்டு பின்னணி வரைந்தபோதுதான் சிக்கல். ஒவ்வொரு இலையும், ஒவ்வொரு கிளையும், மரப்பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் அச்சு அசலாக இருந்தன. பழுப்பும் பச்சையுமான அந்த நெரிசலுக்குள் பழுப்பு நிற மானைக் கொண்டுபோய் வைத்தால், மான் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

வாங்கிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் வேலையும் அதுவல்ல. வீட்டுக்குப் போய் ராத்திரியில் சின்னச் சின்னக் காகிதங்களில் சில காட்சிகளைத் தீட்டினார். மூடுபனியில் ஒரு மான். புல்வெளி ஓரத்தில் ஒரு மான். கலை இயக்குநர் டாம் காட்ரிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினார். தவறான பிரிவில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. படங்கள் வால்ட் டிஸ்னியிடம் போயின. அவருக்கும் பிடித்துப்போனது. விளக்கு மேஜையிலிருந்து வாங் எழுந்தார். படம் முழுக்கவும் எப்படித் தோன்ற வேண்டும் என்று வரைந்து காட்டுவதுதான் அடுத்த இரண்டு வருடங்களுக்கு அவர் வேலை.

அவர் செய்தது என்ன? மான் நிற்கும் இடத்தில் மட்டும் நாலு புல், ஒரு கிளை, கொஞ்சம் வெளிச்சம். அங்கிருந்து விலக விலகக் காடு கரைந்துகொண்டே போகும். ஓரங்களில் வெறும் நிறம். இலை என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது, ஆனால் இலைகள் இருப்பது தெரியும். கண்ணுக்கு வேறு போக்கிடம் இல்லை, மானிடம் வந்துதான் ஆக வேண்டும். மரத்துக்குப் பச்சை, வானத்துக்கு நீலம் என்ற கணக்கையும் அவர் தூக்கிப்போட்டார். காட்சியில் பயம் இருந்தால் காடே கறுக்கும். இரண்டு ஆண் மான்கள் மோதும் காட்சியை மறுபடி பாருங்கள். பின்னால் காடு இருக்கிறதா என்றே தெரியாது. இருட்டும், சிவப்பும் ஆரஞ்சும், விளிம்பில் மட்டும் வெளிச்சம் பட்ட உடல்களும்தான்.

அவருடைய படங்கள் பல உள்ளங்கை அகலத்துக்குச் சற்றே பெரியவை. அவற்றைப் பார்த்துப் படத்துக்கான பெரிய பின்னணிகளைத் தீட்டியவர்கள் வேறு ஓவியர்கள். 'ஸ்னோ ஒயிட்' பின்னணிகள் நீர்வண்ணத்தில் வந்தவை. 'பேம்பி'க்கு எண்ணெய் வண்ணம். இலை இலையாக வரைந்து பழகிய அவர்கள், வரையாமல் விடுவதற்குப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. கேட்பதற்குச் சுலபம். கோலத்தில் எந்தப் புள்ளியை விட்டால் வடிவம் கெடாது என்று புள்ளி வைத்துப் பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஏஞ்சல் தீவுக் கட்டடத்தில் நின்ற பிறகு 'பேம்பி'யைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று தோன்றாமல் இருக்காது. வாசல் படிக்கட்டு எத்தனை என்று எண்ணிச் சொன்னால்தான் நீ அந்த ஊர்க்காரன் என்று கேட்ட நாடு இது. அந்தக் கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் சொன்ன பையன் பெரியவனாகி, ஓர் இடத்தை நம்பவைக்க எண்ணிக்கையே தேவையில்லை என்று காட்டிவிட்டான்.

அம்மா மான் சுடப்படும் காட்சியையும் அவர் வாழ்க்கையோடு முடிச்சுப்போடத் தோன்றும். அது கொஞ்சம் அதிகம். கதை சால்டனுடையது, காட்சியை அமைத்தவர்கள் பலர். ஆனால், அந்தப் பனியைக் கவனிக்கலாம். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. அம்மா விழுவதைப் படம் காட்டுவதே இல்லை. குட்டி திரும்பிப் பார்க்கிறது, கூப்பிடுகிறது, பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது. திரையில் மரங்கள் மங்கலான கோடுகளாகத் தெரியும், மற்றதெல்லாம் காலி. அந்தக் காலி இடம் இல்லாவிட்டால் அத்தனை பேர் அழுதிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

பெயர்ப் பட்டியலில் ஒருவர்

படம் 1942 ஆகஸ்ட்டில் வெளியானது. அதற்குள் வாங் அங்கே இல்லை. 1941 மே மாதக் கடைசியில் டிஸ்னி ஓவியர்கள் சங்க உரிமைக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வாங் அதில் கலந்துகொள்ளவில்லை. ஆனாலும், அந்தக் கலவரத்தின் முடிவில் அவருக்கு வேலை போனது. படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது பின்னணி ஓவியர்கள் என்ற வரிசையில் பலரில் ஒருவராக அவர் பெயர் வரும். கண் இமைத்தால் தவறிவிடும்.

1942-ல் வார்னர் பிரதர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. 1968-ல் ஓய்வுபெறும்வரை அங்கேதான். கார்ட்டூன் அல்ல, நடிகர்கள் நடிக்கிற படங்கள். கேமரா ஓடுவதற்கு முன்பே ஒவ்வொரு காட்சியும் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்ட வேண்டும். ஜேம்ஸ் டீன் நடித்த 'ரெபல் வித்தவுட் எ காஸ்', 'தி வைல்ட் பஞ்ச்' போன்றவை அவர் கை பட்டவை. லாஸ் ஏஞ்சல்ஸ் போகிறவர்கள் எல்லோரும் ஏறிப் பார்க்கும் கிரிஃபித் வானாய்வகம், 'ரெபல்' படத்தின் முக்கியமான இடம். அங்கே ஜேம்ஸ் டீனுக்குச் சிலை இருக்கிறது. காட்சிகளை முதலில் காகிதத்தில் பார்த்தவரைப் பற்றிக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

இதற்கிடையே வாழ்த்து அட்டைகளும் வரைந்தார். பனி, ஒற்றை மரம், கீழே சின்னதாக ஒரு மனிதர். 1954-ல் அவருடைய கிறிஸ்துமஸ் அட்டை ஒன்று 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எத்தனையோ அமெரிக்க வீடுகளின் கணப்பு மேடையில் அந்த வருடம் சோங் வம்சத்துப் பனி பெய்திருக்கிறது.

அதே அமெரிக்காவில் சீனர்களுக்கு வீடு கிடைப்பது சுலபமாக இல்லை. வெள்ளையர் அல்லாதவர்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கம் லாஸ் ஏஞ்சல்ஸ் முழுக்க இருந்தது. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-ல்தான். சீனர்களைத் தடுத்த சட்டம் 1943-ல் நீங்கியது. அதற்கு மாற்றாக வருடத்துக்கு 105 பேர் மட்டும் வரலாம் என்று அளவு வைத்தார்கள். வாங்குக்குக் குடியுரிமை கிடைத்தது 1946-ல். 'பேம்பி' வெளியாகி நாலு வருடங்கள் கழித்து.

நகரத்தின் வடக்கு விளிம்பில், மலையடிவாரத்தில் இருக்கிற சன்லேண்ட் பகுதியில் வாங், ரூத் தம்பதி வீடு வாங்கி மூன்று பெண்களை வளர்த்தார்கள். பிற்காலத்தில் ரூத்துக்கு மறதி நோய் வந்தது. வாங் தன் வேலைகளை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டார். ரூத் 1995-ல் இறந்தார்.

டிஸ்னி நிறுவனத்துக்கு அவர் நினைவு வந்தது 2001-ல். 'டிஸ்னி லெஜண்ட்' விருது கொடுத்தார்கள். அப்போது அவர் 90 வயதைத் தாண்டியிருந்தார். 2013-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிரசிடியோ பகுதியில் இருக்கும் வால்ட் டிஸ்னி குடும்ப அருங்காட்சியகம், அவர் படைப்புகளுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. 102 வயதில் அதைப் பார்க்க வந்தார். அருங்காட்சியகத்திலிருந்து இறங்கிக் கரைக்கு நடந்தால், வளைகுடாவில் எதிரே ஏஞ்சல் தீவு தெரியும்.

கடற்கரையில் ஒரு பூரான்

ஓய்வுக்குப் பிறகு அவரைப் பிடித்துக்கொண்டது பட்டம். மூங்கிலைத் தானே சீவி, வளைத்து, ஒட்டி, வண்ணம் தீட்டி விதவிதமாகச் செய்தார். தங்கமீன், ஆந்தை, பட்டாம்பூச்சி. ஒரே கயிற்றில் கூட்டமாகப் பறக்கும் தூக்கணாங்குருவிகள்போன்ற பறவைகள். 100 அடி நீளத்துக்குப் பூரான் ஒன்று. வட்டு வட்டாகக் கோத்த உடம்பு, ஒவ்வொரு வட்டுக்கும் இரண்டு பக்கமும் கால்கள். ஒரு கால் கனம் கூடினாலும் மொத்தமும் சாய்ந்துவிடும்.

மாதத்தின் நாலாவது சனிக்கிழமை என்றால் சாண்டா மோனிகா படகுத்துறைக்கு வடக்கே உள்ள மணல்வெளியில் அவரைப் பார்க்கலாம். பட்டங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவார். ரோலர் கோஸ்டருக்கும் ராட்டினத்துக்கும் வந்த குழந்தைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். பட்டம் விடுகிற தாத்தா யார் என்று அவர்களுக்கும் தெரியாது, அவர்களைக் கூட்டிவந்த அம்மா, அப்பாவுக்கும் தெரியாது. நூறு வயதைத் தாண்டியும் வந்துகொண்டிருந்தார். 2016 டிசம்பர் 30-ம் தேதி சன்லேண்ட் வீட்டில் இறந்தபோது அவருக்கு 106.

சாண்டா மோனிகாவுக்குப் போகிறவர்கள் காலையில் போய் ஏமாற வேண்டாம். கடல்காற்று மதியத்துக்கு மேல்தான் வலுக்கும். படகுத்துறையின் கூட்டத்தை விட்டு வடக்குப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால், மணல் அகலமாக விரிந்து காலியாகக் கிடக்கும். எதிரே அந்த 'சைனா' கப்பல் கடந்து வந்த அதே பசிபிக். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பட்டத்தை வைத்துக்கொண்டு யாராவது ஒரு பிள்ளை காற்றுக்குக் காத்திருக்கும்.